அனுசரணையாளர்

இலங்கை அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2002இல் தொடங்கிய போர்நிறுத்த ஆண்டுகளை யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘சமாதான காலம்’ என்றே சொல்கிறோம். யாழ்ப்பாணத்தைக் கண்டியோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்து கிடந்த அந்தக் காலத்தில் பத்திரிகைகளில் ஓயாமல் அடிபட்ட சொல் ‘அனுசரணையாளர்’. நோர்வே ஏற்றிருந்த வேலைக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

அனுசரணம் வடசொல். ‘பின்செல்லுதல்’ என்பது அதன் நேர்ப்பொருள். தமிழுக்கு வந்தபின் ‘அனுசரித்துப் போதல்’, அதாவது மற்றவரின் போக்குக்கு இசைந்து நடத்தல் என்று விரிந்தது. இலங்கையில் இன்னொரு பொருளும் சேர்ந்துவிட்டது. உதைபந்தாட்டப் போட்டியின் பதாகையில் ‘அனுசரணை’ என்றிருந்தால் காசு கொடுத்தவர் யார் என்று பார்ப்போம். நோர்வேயின் பணிக்கு வேர்ப்பொருளே பொருந்தியது. இரு தரப்பும் போகும் வழியே கூடப் போவது, தகவல் கொண்டுசெல்வது, சந்திப்புக்கு இடம் ஒழுங்கு செய்வது. தீர்வு இதுதான் என்று சொல்வது அதில் இல்லை.

அந்த அதிகாரத்தில் ஒரு பங்கு மத்தியஸ்தருக்கு உண்டு. மத்தியம் என்றால் நடு. மத்தியஸ்தர் நடுவே நிற்பவர், நின்று தன் யோசனையையும் முன்வைப்பவர். ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. வேலி எல்லைத் தகராறு இணக்க சபைக்குப் போனால் அங்குள்ளவர்கள் இரு பக்கமும் கேட்பார்கள், ஒரு வழி சொல்வார்கள், ஆனால் தீர்ப்பு எழுத மாட்டார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. தீர்ப்பு எழுதுபவர் நடுவர். இந்த மூன்று சொற்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டதால், நோர்வே ஒருபோதும் ஏற்காத பொறுப்பை அதன் தலையில் ஏற்றி, பிறகு அதை நிறைவேற்றவில்லை என்று கோபித்தோம். அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்த இழப்பு உண்மையானது. ஆனால் கேள்வி போகவேண்டிய இடம் வேறு.

இந்தியாவின் கதை எதிர்த்திசையில் போனது. 1985இல் இலங்கை அரசாங்கத்துக்கும் தமிழ் இயக்கங்களுக்கும் இடையே திம்புப் பேச்சுக்களை ஒழுங்கு செய்த நாடு, 1987 ஜூலை 29இல் இலங்கையுடன் தானே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. போரிட்ட தமிழ் இயக்கங்கள் எதுவும் அதில் ஒப்பமிடவில்லை. ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலேயே இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. மத்தியஸ்தர் தரப்பாகிவிட்டால் மிஞ்சுவது என்ன என்பதை இந்த மண் தன் வீடுகளுக்குள்ளேயே பார்த்தது.

வெளியுறவுக் கொள்கையின் இக்கட்டு இங்கேதான் கிடக்கிறது. பேசவேண்டிய தரப்பைத் தடைசெய்துவிட்டு, அதே தரப்பைப் பேச அழைப்பது எப்படி? அமெரிக்கா புலிகளை 1997இல் பட்டியலிட்டிருந்தது. 2003 ஏப்ரலில் உதவி வழங்கும் நாடுகளின் ஆயத்தக் கூட்டம் வாஷிங்டனில் நடந்தபோது அந்தத் தடையால் புலிகளுக்கு அங்கே இடமில்லாமல் போனது. அதையும் ஒரு காரணமாகக் காட்டி அதே மாதம் பேச்சிலிருந்து அவர்கள் விலகினார்கள். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் தடைசெய்தது. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவிலிருந்த சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர் வெளியேறவேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். ஒன்றியத்தில் இல்லாத நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் எஞ்சின. தடை சரியா தவறா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். போர்நிறுத்தத்தைக் கண்காணித்த கண்களில் பெரும்பகுதி, அவை மிகத் தேவைப்பட்ட மாதங்களில் குறைந்துபோனது. அந்த ஓகஸ்டில் ஏ-9 பாதையும் மூடப்பட்டது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். இந்தத் தொழில் நமக்குப் புதிதல்ல. ஆத்தி மாலை சூடிய இரு சோழர், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும், ஒருவரோடு ஒருவர் பொருதபோது கோவூர்கிழார் இடையில் நின்று பாடியது புறநானூற்றின் 45ஆம் பாட்டு. ‘ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே’ என்றார். இந்தச் செயலைச் ‘சந்து செய்தல்’ என்று சொல்வது பழைய வழக்கு. இன்றைக்குச் சந்து என்றால் ஒழுங்கைதான் நினைவுக்கு வரும் என்பதால் அதை மீட்க நான் வற்புறுத்தமாட்டேன். மத்தியஸ்தருக்கு ‘இணக்குநர்’ நல்ல சொல். இணக்க சபை ஏற்கெனவே ஊர்வாயில் இருப்பதால் ஒட்டிக்கொள்ளும். அனுசரணையாளருக்கு ‘வழிசமைப்போர்’ என்பது என் தெரிவு. வழிசமைத்தல் நாம் நாளாந்தம் எழுதும் சொல். பணம் கொடுத்தவர் என்ற மயக்கமும் அதில் இல்லை. தமிழ்நாட்டில் கூடுதலாகப் புழங்கும் ‘சமரசம்’ இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

இன்றைய செய்திகளை மொழிபெயர்ப்போருக்கு இன்னொரு சொல்லும் வேண்டும். 2025 ஜனவரியில் காசாப் போர்நிறுத்தத்துக்கு இணக்கம் ஏற்படுத்திய கட்டார், எகிப்து, அமெரிக்கா ஆகிய மூன்றும் அதை நடைமுறைப்படுத்தப் பொறுப்பு நிற்போராகவும் குறிக்கப்பட்டன. இதை ‘மத்தியஸ்தம்’ என்று மட்டும் எழுதினால் அந்தப் பொறுப்பு வாசகருக்கு மறைந்துபோகும். பிணையாளர் என்று எழுதலாம். பிணை நின்றவரிடம், உடன்படிக்கை முறிந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்க முடியும். 2002 பெப்ரவரி 22 உடன்படிக்கையில் மீறல்களைப் பதிவுசெய்யக் கண்காணிப்பாளர் இருந்தார்கள். பிணையாளர் என்று எவரும் இருக்கவில்லை. 2008 ஜனவரியில் அரசாங்கம் அதிலிருந்து விலகியபோது, அதைத் தடுக்கும் கடமை ஒப்பந்தப்படி எந்த நாட்டுக்கும் இருக்கவில்லை.