முடி உதிர்வுக்கு மருந்து: பாட்டில் வாங்கும் முன்

"மருந்து போட ஆரம்பிச்சதும் இன்னும் அதிகமா கொட்டுது டாக்டர், அதான் நிறுத்திட்டேன்." தோல் மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. மினாக்ஸிடில் தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் பலருக்கும் இப்படிக் கொட்டும். ஓய்வில் இருந்த பழைய முடி விழுந்து, அதே வேரிலிருந்து புது முடி கிளம்பும். மருந்து வேலையைத் தொடங்கிய நேரம் பார்த்துப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். பரம்பரை வழுக்கைக்குப் போடுகிறவர்கள் நிறுத்தினால், அதனால் வந்த முடி சில மாதங்களில் போய்விடும். இதைக் கேட்டதும் "அப்போ வேண்டாம்" என்று எழுந்து போகிறவர்களும் உண்டு. அதுவும் நல்ல முடிவுதான்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து இது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் திரவமாக்கினார்கள். 1988-ல் அமெரிக்காவில் ஆண்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் எண்ணெய் வழியும் தலையில், முடியின் மேல் தெளித்தால் என்ன பயன்? வகிடு பிரித்து, காய்ந்த தோலில் படும்படி 1 மி.லி. போட வேண்டும்.

அதற்கும் முன்னால், எந்த வகை உதிர்வு என்று தெரிய வேண்டும். டெங்கு, டைஃபாய்டு, பிரசவம் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் தானாகவே நின்று, முடி திரும்ப வளர்ந்துவிடும். இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்தால் போதும். காசு வட்டத்தில் வழவழவென்று சொட்டை விழும் புழுவெட்டு வேறு கதை. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குகிறது. சிறிய திட்டுகளுக்கு அங்கேயே ஸ்டீராய்டு ஊசி போடுவோம். தலை முழுக்கப் பரவியவர்களுக்கு, அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பாரிசிட்டினிப் மாத்திரை இருக்கிறது. ஆனால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கவே கூடாது.

நான் அதிகம் பயப்படுவது ஃபினஸ்டரைடு விஷயத்தில்தான். ஆண்களின் பரம்பரை வழுக்கைக்கு தினம் 1 மி.கி. மாத்திரை, நன்றாகவே வேலை செய்யும். சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம், மனச்சோர்வு வரலாம். கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ரத்ததானம் வேண்டாம்; அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம்.

குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண், கணவரின் பாட்டிலையே தானும் தடவிக்கொண்டிருந்தார். முன்பக்கம் பெரிய எழுத்தில் மினாக்ஸிடில் 5%. அதன் கீழே பொடி எழுத்தில் ஃபினஸ்டரைடு 0.1%. கருவிலிருக்கும் ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியையே கெடுக்கக்கூடிய மருந்து அது. அன்றே நிறுத்தச் சொன்னேன். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களுக்கு மினாக்ஸிடிலும் வேண்டாம். லேபிளைத் திருப்பிப் படியுங்கள். ஒரே பாட்டிலை வீட்டில் பங்கு போடாதீர்கள்.

ஐம்பது தாண்டிய ஆண்கள் கவனிக்க: ஃபினஸ்டரைடு சாப்பிட்டால், புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் தைராய்டு ரிப்போர்ட்டைக் குழப்பும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் ஆய்வகத்தில் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.