ஆராதனை மேடையில் நிற்பவர்களின் குரலும் செவியும் கூலியும்

சபைப் பாடகர் குழுக்களுக்கும் இளம் இசைக்கலைஞர்களுக்கும் பயிற்சி அளிப்பது என் தொழில். ஓரளவு தேர்ச்சி பெற்றதும் மாணவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, வெளிக் கச்சேரிகளையும் ஸ்டுடியோ வேலைகளையும் விட்டுவிட்டு முழுநேரமாக ஆராதனை இசைக்கே வந்துவிடட்டுமா? அதுதானே தேவசித்தம்?" கேட்பவர்களின் வாஞ்சையை நான் குறைத்து மதிப்பதில்லை. ஆயினும், மேடையை மாற்றிவிட்டால் விசுவாச வாழ்க்கை தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ இசைக்கலைஞரின் விசுவாசம், அவர் ஏறும் மேடையைவிட, அதற்காக அவர் ஆயத்தப்படும் விதத்திலும், தம் உடலையும் உடன் வாசிப்பவர்களையும் நடத்தும் விதத்திலும்தான் தெரியவருகிறது என்பதே நான் கண்டது.

1723 முதல் லைப்சிக் நகரத் தேவாலயங்களின் இசைக்குப் பொறுப்பாயிருந்த ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியான் பாக், 1729 முதல் அதே நகரின் காப்பிக் கடையில் வாரந்தோறும் வாசித்த இசைக்குழு ஒன்றையும் நடத்தினார். தேவனுக்கே மகிமை என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் முதலெழுத்துகளைத் தம் ஆலய இசைப் படிகளின் முடிவில் எழுதிய அவர், ஆலயத்துக்கு வெளியே இசைக்கப்பட்ட சில படைப்புகளின் முடிவிலும் அவற்றை எழுதியிருக்கிறார். எந்த வேலையையும் ஏற்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவரை இழிவுபடுத்தும் வரிகளுக்கு மெட்டமைக்க அழைத்தால் மறுத்துவிட வேண்டியதுதான்.

ஆயத்தத்துக்கு வருவோம். "மனப்பூர்வமாகப் பாடினால் போதும், கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார்" என்ற வாசகம் ஒத்திகைக்கு வராதவர்களின் வாயில்தான் அதிகம் கேட்கிறது. வேதாகமம் காட்டும் பாடகர்களோ பயிற்சி பெற்றவர்கள். ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் குடும்பங்களிலிருந்து கர்த்தரைப் பாடக் கற்றுத் தேர்ந்தவர்கள் 288 பேர் என்று முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரம் எண்ணிக்கை சொல்கிறது. அதே நூலின் 15ஆம் அதிகாரத்தில், கெனானியா தேர்ந்தவனாயிருந்தபடியால்தான் பாட்டைக் கற்பிக்கும் பொறுப்பு அவனிடம் இருந்தது.

தேர்ச்சி யாருக்காக என்பதும் முக்கியம். ஆராதனையில் நான் முதலில் கவனிப்பது பாடகரை அல்ல, கடைசி வரிசையை. சபை ஒன்றின் ஒத்திகைக்குப் போயிருந்தபோது, உயர்ந்த குரலுடைய ஓர் இளைஞர் ஒலிப்பதிவில் கேட்ட அதே டி மேஜர் ஸ்கேலில் பாட்டைத் தொடங்கினார். பல்லவி நன்றாகவே போயிற்று. சரணத்தின் உச்சியில் அவரைத் தவிர எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். ஆண்களில் சிலர் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி முணுமுணுத்தார்கள், பெண்களுக்கோ மேலேயும் வழியில்லை, கீழேயும் வழியில்லை. கீபோர்டு வாசித்தவரிடம், பாட்டின் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸை நான்கு படி குறைக்கச் சொன்னேன். பாட்டு பி ஃபிளாட்டுக்கு இறங்கியது. பாடகருக்குத் தம் குரலின் பளபளப்பு போய்விட்டதே என்று வருத்தம், ஆனால் இம்முறை சரணத்தின் உச்சியில் ஒருவரும் நிறுத்தவில்லை. தனக்கு அழகாக அமையும் ஸ்கேலை விட்டுக்கொடுத்து, சபைக்கு எட்டும் ஸ்கேலைத் தேர்ந்தெடுப்பது மிகச் சிறிய காரியமாகத் தோன்றலாம். தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு வரும் இசைக்கலைஞர் அதைச் செய்துகாட்டக் கிடைக்கும் முதல் வாய்ப்பு பெரும்பாலும் இதுதான்.

குரலைக் குறித்து இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவிகளைச் சுருதி சேர்க்கப் பயன்படும் ஏ சுரத்தை ஒரு பெண் பாடும்போது, அவருடைய குரல்நாண்கள் நொடிக்கு 440 முறை ஒன்றையொன்று தொட்டுப் பிரிகின்றன. தொண்டை கட்டிய நிலையில், பாடுபவரை நோக்கி வைக்கப்படும் மேடை ஒலிபெருக்கியான மானிட்டரில் தன் குரலே கேட்காமல், அடிவயிற்றின் துணையின்றிக் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினால், நாண்களின் முன்பகுதியில், அதிர்ச்சி அதிகம் விழும் இடத்தில், காய்ப்புப் போன்ற சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. கரகரப்பு முதல் அறிகுறி. மேல் சுரங்கள் மெல்லப் பாடும்போது வராமல் காற்றாகப் போவது அடுத்தது. உபவாச ஜெபம், இரவு ஜெபம், ஞாயிறு ஆராதனை என்று தொடர்ந்து பாடுகிறவரிடம், "ஜெபித்துவிட்டுப் பாடு, சரியாகிவிடும்" என்று பொறுப்பாளர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஜெபிக்கத்தான் வேண்டும், கரகரப்பு மூன்று வாரங்களைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைக் காட்டவும்தான் வேண்டும். முடிச்சுகள் பல வேளைகளில் குரல் ஓய்வாலும் குரல் பயிற்சி சிகிச்சையாலுமே கட்டுக்குள் வருகின்றன என்பதால், தாமதிக்காமல் போவது நல்லது. சமாளிப்பதற்காகக் கிசுகிசுத்துப் பேசுவதும் நாண்களுக்கு ஓய்வல்ல.

செவிக்கு அந்த இரண்டாம் வாய்ப்பும் இல்லை. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்காகப் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது, ஆகவே 100 டெசிபலில் 15 நிமிடந்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இது முதல் இரண்டு மூன்று பாடல்களிலேயே முடிந்துவிடும். வீட்டுக்குப் போன பிறகும் காதில் ரீங்காரம் கேட்டால் அதை அபிஷேகத்தின் வல்லமையென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே வரும் காதடைப்பான்கள் ஒலியைச் சீராகக் குறைப்பவை, வாசிப்பைக் கெடுப்பதில்லை. முன்வரிசைக் குழந்தைகளுக்கும் இதே செவிதான் என்பதை ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒலிப்பலகையில் அமர்ந்திருப்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

கடைசியாக, பேசத் தயங்கும் காரியம்: கூலி. கூலி கேட்பது ஆவிக்குரியதல்ல என்று நினைப்பவர்கள் நெகேமியா 13ஆம் அதிகாரத்தை வாசிக்கலாம். லேவியருக்குச் சேரவேண்டிய பங்குகள் கொடுக்கப்படாததால், பணிவிடை செய்த பாடகர்கள் தத்தம் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். நெகேமியா அவர்களைக் குறைசொல்லவில்லை, தேவனுடைய ஆலயம் கைவிடப்பட்டது ஏன் என்று தலைவர்களையே கேட்டார். தம் சொந்தச் சபையில் காணிக்கையாக வாசிப்பவர் மகிழ்ச்சியோடு வாசிக்கட்டும். ஆனால் வெளியிலிருந்து அழைக்கப்படும் கிட்டார் கலைஞருக்கு அது அந்த மாத வாடகை. ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு, வாசிப்பவருக்கு மட்டும் "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்" என்று கைகுலுக்கி அனுப்புவது நியாயமல்ல. தொகை, ஒத்திகை நேரம், போக்குவரத்துச் செலவு மூன்றையும் அழைக்கும்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். குழுவை நடத்துபவர் நீங்களென்றால், உங்கள் பங்கைக் கடைசியாக எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அன்றைக்கே கொடுத்து அனுப்புங்கள்.