லேசர் பிரிண்டருக்குள் சுழலும் கண்ணாடி

"பிரிண்டரிலிருந்து வரும் தாள் சூடாக இருக்கிறதே, லேசர் ஒளி காகிதத்தைச் சுட்டுத்தான் எழுத்தை உண்டாக்குகிறதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. அந்த ஒளி காகிதத்தின் மேல் படுவதே கிடையாது. காகிதம் வந்து சேரும் முன்பே அதன் வேலை முடிந்துவிடுகிறது.

1984-இல் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் லேசர்ஜெட் என்ற லேசர் பிரிண்டரை 3,495 டாலருக்குக் கொண்டுவந்தபோது, மேசைக் கணினி வைத்திருந்தவர்களுக்குப் பழகியிருந்தவை இரண்டு வகைகள். ஊசிகளால் மை நாடாவைக் குத்தும் டாட் மேட்ரிக்ஸ் ஒன்று. எழுத்துச் சக்கரத்தைச் சிறு சுத்தியலால் அடிக்கும் டெய்சி வீல் மற்றொன்று. இரண்டும் காதைத் துளைக்கும். முதலாவதில் எழுத்து புள்ளி புள்ளியாகத் தெரியும்; இரண்டாவதில் எழுத்து அழகாக இருக்கும், படம் அச்சிட அது உதவாது. லேசர்ஜெட்டில் கேட்டதெல்லாம் விசிறியின் ஓசையும் தாள் நகரும் ஓசையும்தான். நிமிடத்துக்கு 8 பக்கங்கள், அங்குலத்துக்கு 300 புள்ளிகள். முதல் தாளை எடுத்துப் பார்த்தவர்களுக்கு, அச்சகத்தின் வேலை தங்கள் மேசைக்கே வந்துவிட்டதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அடிப்படை, நகலெடுக்கும் இயந்திரத்தினுடையதே. நியூயார்க்கின் அஸ்டோரியாவில் 1938 அக்டோபர் 22 அன்று செஸ்டர் கார்ல்சன் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் செய்து காட்டிய அதே வித்தை. பிரிண்டருக்குள் இருக்கும் டிரம் என்ற உருளையின் மேற்பூச்சு, இருட்டில் மின்சாரத்தைக் கடத்தாது. ஒளி பட்ட இடத்தில் கடத்தும். டிரம் முழுவதும் முதலில் எதிர்மின்னேற்றம் ஏற்றப்படுகிறது. லேசர் தொட்ட புள்ளிகளில் அந்த மின்னேற்றம் வடிந்துவிடுகிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட டோனர் என்ற மைத்தூள், வடிந்த இடங்களில் மட்டும் போய் ஒட்டுகிறது. தாளின் பின்புறம் தரப்படும் நேர்மின்னேற்றம் தூளைத் தாளுக்கு இழுக்க, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உருளைகள் அதை உருக்கி அழுத்துகின்றன. வாசகரின் விரல் உணர்ந்த சூடு இந்தக் கடைசிக் கட்டத்தினுடையது.

எனக்கு இந்த இயந்திரத்தின் மேல் காதல் வந்தது இதனால் அல்ல. ஒளிக்கற்றையை டிரம்மின் குறுக்கே ஓட்டும் முறையால்தான். லேசர் இருந்த இடத்திலேயே இருக்கும். பல முகங்கள் கொண்ட ஒரு கண்ணாடி அதன் முன்னே வேகமாகச் சுழலும். ஒவ்வொரு முகமும் கடந்து போகும்போது எதிரொளித்த கற்றை டிரம்மின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி, புள்ளிகளாலான மெல்லிய வரி ஒன்றை எழுதும். அடுத்த முகம், அடுத்த வரி. அங்குலத்துக்கு 300 வீதம் 11 அங்குலப் பக்கத்துக்கு 3,300 வரிகள். ஒரு பக்கத்துக்கு ஏழரை வினாடி என்றால் வினாடிக்குக் குறைந்தது 440 வரிகள். 8 அங்குல அகல வரி ஒன்றில் 2,400 புள்ளிகள். ஆக, வினாடிக்குப் பத்து லட்சம் முறைக்கு மேல் 'எரிய வேண்டுமா, அணைய வேண்டுமா' என்று லேசருக்குச் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஒரு பெரிய சிக்கல் உண்டு. கண்ணாடியின் எல்லா முகங்களும் இம்மி பிசகாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு முகம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு மட்டும் சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எதிரொளிப்பு விதிப்படி கற்றை அதைப்போல் இரு மடங்கு விலகும். டிரம் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், கற்றை விழும் இடம் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். வரிகளுக்கு இடையே உள்ள தூரமோ 0.085 மில்லிமீட்டர்தான். கண்ணுக்கே தெரியாத அந்தச் சாய்வினால் ஒரு வரி இரண்டு வரி தள்ளி விழுந்துவிடும். ஆறு முகக் கண்ணாடியானால் ஆறு வரிக்கு ஒருமுறை பக்கம் முழுக்க அதே பிழை. இதற்குத் தேவையான துல்லியத்தில் கண்ணாடியைக் கடைய முற்பட்டால் விலை எங்கோ போய்விடும்.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர் இதற்குக் கண்ட வழி ஓர் உருளை வில்லை. ஒரு திசையில் மட்டும் வளைந்த வில்லை அது. சிதறல் பார்வைக்கான மூக்குக்கண்ணாடியில் இருப்பதும் அதன் இனம்தான். கற்றை இடவலமாக ஓடுவதை அது தடுக்காது. மேல்கீழாக விலகுவதை மட்டும் வளைத்துத் திருப்பும். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கதிர்கள் எந்தக் கோணத்தில் போனாலும், வில்லை அவற்றை ஒரே பிம்பப் புள்ளியில் சேர்க்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மேல்கீழ்த் திசையில் கண்ணாடி முகம் பொருளாகவும் டிரம் அதன் பிம்பத் தளமாகவும் அமையும்படி வில்லையை வைத்துவிட்டால் போதும். முகம் சாய்ந்து கற்றையை மேலே அனுப்பினாலும் கீழே அனுப்பினாலும், அது கிளம்பிய புள்ளி ஒன்றே. எனவே போய்ச் சேரும் வரியும் ஒன்றே. கண்ணாடியின் குறை கண்ணாடியிலேயே இருக்கிறது, தாளுக்கு வருவதில்லை. நூற்றாண்டுகள் பழைய வில்லைக் கணக்கு இத்தனை நேர்த்தியாகப் பயன்பட்ட இடங்கள் மிகக் குறைவு என்பேன்.

நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஜெராக்ஸின் வெப்ஸ்டர் ஆய்வகத்தில் ஸ்டார்க்வெதரின் மேலதிகாரிகள் லேசர் வேலையை விரும்பவில்லை. 1971-இல் அவர் அதே நிறுவனத்தின் கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்கு மாறிய பிறகே அது முழு வடிவம் பெற்றது. கார்ல்சனையும் இருபதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் திருப்பி அனுப்பியிருந்தன. அடுத்த ஆண்டு எவ்வளவு வருமானம் வரும் என்று கேட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் பணம் தருவது தவறு என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஜெராக்ஸ் 9700 என்ற லேசர் பிரிண்டர் விற்பனைக்கு வந்தது 1977-இல். அந்த நிறுவனத்துக்குப் பெரும் பணம் ஈட்டித் தந்த இயந்திரங்களில் அதுவும் ஒன்று.

9700 ஓர் அறையில் நிற்க வேண்டிய இயந்திரம். அதை மேசைக்குக் கொண்டுவந்தது சிறிய குறைக்கடத்தி லேசரும், டிரம்மையும் டோனரையும் ஒரே கார்ட்ரிட்ஜில் அடைத்த கேனன் நிறுவனத்தின் யோசனையும். லேசர்ஜெட்டின் உள்ளே இருந்ததும் கேனனின் இயந்திரமே. தேய்ந்துபோகும் பாகங்களில் பெரும்பாலானவற்றைப் பயனரே ஒரு நொடியில் மாற்ற முடிந்தது.

குறையும் இருந்தது. டிரம் சுழலத் தொடங்கிவிட்டால் பாதிப் பக்கத்தில் நிற்க முடியாது. புள்ளிகள் கணக்காக வந்துகொண்டே இருக்க வேண்டும். பக்கம் முழுவதையும் 300 புள்ளி நுணுக்கத்தில் படமாக வைத்திருக்க ஏறத்தாழ ஒரு மெகாபைட் வேண்டும். முதல் லேசர்ஜெட்டில் இருந்தது 128 கிலோபைட். அதனால் அது பெரும்பாலும் தன் நிரந்தர நினைவகத்திலும் செருகு கார்ட்ரிட்ஜ்களிலும் இருந்த எழுத்துருக்களையே அச்சிட்டது. முழுப்பக்கப் படம் வேண்டுமானால் 75 புள்ளிக்கு இறங்க வேண்டும். 1985-இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் அதே கேனன் இயந்திரத்தை வைத்துக்கொண்டு 1.5 மெகாபைட் நினைவகத்தையும் பக்கத்தின் தோற்றத்தைப் பிரிண்டருக்கு விவரிக்கும் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியையும் சேர்த்தது. விலை 6,995 டாலர். அதனுடன் இணைத்த மெக்கின்டாஷ் கணினியில் அதிகபட்சம் இருந்தது 512 கிலோபைட். பிரிண்டரின் செயலிதான் இரண்டில் வேகமானது.