குண்டு பல்போடு போன வெளிச்சம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளிலிருந்து என் கண் கிளினிக்குக்கு நிறையப் பேர் வருகிறார்கள். நாற்பதைத் தாண்டியதும் பற்றவைக்கிற இடம் மங்கலாகத் தெரிகிறது என்பார்கள். பெரும்பாலும் வெள்ளெழுத்துதான், கண்ணாடி போட்டால் தீர்ந்தது. இப்போது கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "டாக்டரம்மா, சிவப்பு லைட்டைப் பாத்தா கண்ணாடியே வேண்டாம்னு யூடியூப்ல சொல்றாங்களே, வாங்கலாங்களா?"

வேண்டாம். வெள்ளெழுத்து என்பது கண்ணின் லென்ஸ் இறுகிப்போவது. அதை எந்த விளக்கும் இளக்காது. ஆனால் அந்தப் பேச்சு சுத்தப் புரளியும் இல்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கிளென் ஜெஃப்ரியின் குழு 2020-ல் 24 பேரை வைத்துப் பார்த்தது. 670 நானோமீட்டர் அலைநீளமுள்ள அடர்சிவப்பு ஒளி, தினமும் 3 நிமிடம், இரண்டு வாரம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நிறங்களைப் பிரித்தறியும் திறன் ஓரளவு கூடியது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை இந்த ஒளி தூண்டுகிறது என்பது அவர்கள் விளக்கம். நிறங்களின் வரிசையில் இந்தச் சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அண்மை அகச்சிவப்பு. அதுவும் இப்படி உதவுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

கிளினிக்கில் அதைக் காட்ட நான் டிவி ரிமோட்டை எடுப்பேன். பட்டனை அழுத்தினால் அதன் நுனியில் எதுவும் தெரியாது. செல்போனின் செல்ஃபி கேமரா வழியாகப் பார்த்தால் பெரும்பாலும் ஊதா நிறத்தில் மினுக்கும். சூரியன் தரும் சக்தியில் ஏறக்குறைய பாதி இப்படிக் கண்ணில் படாத அகச்சிவப்புதான். பழைய குண்டு பல்பு இன்னும் மோசம், அல்லது இன்னும் நல்லது: அது தின்கிற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாகாது, மிச்சத்தில் பெரும்பகுதி அகச்சிவப்பாகவே வெளியேறும். எல்இடி வந்ததும் கரன்ட் பில் குறைந்தது. ஆனால் நீலச் சில்லும் அதன்மேல் மஞ்சள் பூச்சும் சேர்ந்த சாதாரண வெள்ளை எல்இடியின் ஒளி 700 நானோமீட்டர் தாண்டினால் அநேகமாக நின்றுவிடும். பற்றவைக்கும் தீச்சுடர் அலையாமலிருக்க ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, நாள் முழுக்க எல்இடி விளக்கின் அடியில் குனிந்திருப்பவருக்கு வெயிலில் வரும் அகச்சிவப்பு ஒளி எங்கிருந்து கிடைக்கும்?

அப்போ விளக்கிலேயே சேர்த்துவிடலாமே? நெதர்லாந்தில் காலை நேரத்தில் 850 நானோமீட்டர் ஒளியைக் கொடுத்துச் சோதித்தார்கள். பனிக்காலத்தில் மனநிலையும் பகல் தூக்கக் கலக்கமும் சற்று மேம்பட்டன. கோடையில் பலனில்லை, வெயிலிலேயே வேண்டியது கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். சேலத்துக்காரர்களுக்கு இது முக்கியம். வெயிலுக்கு நமக்கென்ன பஞ்சம்?

காலையில் பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், சூரியனை நேராகப் பார்க்காமல். உச்சி வெயில் வேண்டாம், மரநிழலே போதும். இலைகள் அண்மை அகச்சிவப்பில் பாதியளவு திருப்பி அனுப்பிவிடும். ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் காபி பறிக்கிறவர்களுக்கு அது தாராளமாகவே கிடைக்கிறது. ஜன்னலில் கூலிங் ஃபிலிம் ஒட்டியிருந்தால், அது தடுப்பதே இந்த ஒளியைத்தான்.

வெளியே போக முடியாத முதியவர்களுக்கு, காலையில் மேசையோரம் டிம்மர் வைத்த ஒரு குண்டு பல்பு போதும். ஏற்காட்டு மார்கழிக்கு அது இதமாகவும் இருக்கும். சேலத்துச் சித்திரையில் அப்படிச் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். அங்கே அகச்சிவப்பு எல்இடி கலந்த விளக்குக்குத்தான் அர்த்தம் உண்டு. வாங்கினால் அலைநீளம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சும்மா சிவப்புப் பெயின்ட் அடித்த பல்பை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை தானாக மூடாது. அதனால் அந்த விளக்கைக் கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்க்கக் கூடாது. வெள்ளி உருக்குகிறவர்களுக்கு நான் சொல்வது நேரெதிர். உலை அனலில் வருவதும் அகச்சிவப்புதான், வருடக்கணக்கில் பட்டால் கண்புரை வரும். அவர்கள் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி போட்டுத்தான் உலை முன்னால் உட்கார வேண்டும். விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும் வெளிச்சம் பட்டால் தோல் தடிக்கிற மருந்து சாப்பிடுகிறவர்களும், எந்த விளக்கை வாங்கும் முன்னும் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.