காற்று மெலியும் பாதை: டர்பனிலிருந்து சானி கணவாய்க்கு ஏறும் பைக்குக்கு என்ன ஆகிறது?

சனிக்கிழமை விடியற்காலையில், தென்னாப்பிரிக்கக் கடலோர நகரமான டர்பனின் சாட்ஸ்வொர்த் வீட்டில் பைக்குள் செருகிய சிப்ஸ் பாக்கெட், பத்து மணிக்கு மலையடிவார ஊரான அண்டர்பெர்க்கில் தேநீருக்கு நிற்கும்போது தலையணை மாதிரி உப்பியிருக்கும். ஓரத்தைத் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வரும். பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று டர்பன் காற்று. வெளியே இருப்பது 1,500 மீட்டருக்கு மேலே உள்ள காற்று. கடலோரத்தில் அழுத்தம் 1,013 மில்லிபார் என்றால் அண்டர்பெர்க்கில் ஏறத்தாழ 840. வெளியிலிருந்து அமுக்கும் கை தளர்ந்துவிட்டது, அதனால் உள்ளிருப்பது விரிகிறது.

அந்தப் பாக்கெட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிரித்துத் தின்பதற்கு முன், பக்கத்தில் நிற்கும் வண்டியையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. எஞ்சின் மூச்சு விடுவதும், டயர் நிற்பதும், பிரேக் ஆறுவதும், ஓட்டுகிறவருடைய தலை தெளிவாக இருப்பதும் இதே காற்றை நம்பித்தான். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஹோவிக் பக்கத்தில் பிரிந்து ஆர்617 வழியாக புல்வர், அண்டர்பெர்க், ஹிம்வில், பிறகு சானி கணவாய் என்று போகும் வழியில், கடல் மட்டத்திலிருந்து 2,876 மீட்டருக்கு ஒரே பகலில் ஏறிவிடலாம். உச்சியில் காற்றழுத்தம் சுமார் 710 மில்லிபார். கீழே இருந்ததில் 70 சதவீதம்தான்.

முதலில் எஞ்சின். பெட்ரோல் எஞ்சினுக்கு உணவு பெட்ரோல் என்றுதான் நினைக்கிறோம். எடை போட்டுப் பார்த்தால் அது தின்பது பெரும்பாலும் காற்று. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் ஒரே கொள்ளளவைத்தான் இழுக்கிறது. மேலே அதே கொள்ளளவில் இருக்கும் காற்றின் எடை குறைவு. குளிர் காற்று கொஞ்சம் அடர்ந்திருப்பதால் அழுத்தம் 30 சதவீதம் குறைந்தாலும் அடர்த்தி ஏறத்தாழ 25 சதவீதம்தான் குறைகிறது. இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். கடலோரத்தில் 40 குதிரைத்திறன் கொடுத்த வண்டி உச்சியில் 30 கொடுக்கும். 12 கொடுத்த 150 சிசி வண்டி 9 கொடுக்கும். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் கதை இத்தோடு முடிந்தது. அதில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. காற்று குறையக் குறைய கணினி பெட்ரோலையும் குறைத்துவிடும். வண்டி மெதுவாகப் போகும், ஆனால் சுத்தமாக ஓடும்.

கணினி இல்லாமல் கார்புரேட்டர் என்ற கருவியே காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் வண்டிக்குத்தான் பாடு. தென்னாப்பிரிக்காவில் மண்பாதைக்கென்று வாங்குகிற வண்டிகளில் சுசுகி டிஆர்650 போன்ற கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியாகக் காற்று விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் ஜெட் என்ற நுண்துளை வழியாகப் பெட்ரோலை மேலே உறிஞ்சுகிறது. இங்கே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: காற்றின் அடர்த்தி குறையும்போது சிலிண்டருக்குப் போகும் காற்றின் எடை அதே விகிதத்தில் குறைகிறது, பெட்ரோலோ அடர்த்தியின் வர்க்கமூல விகிதத்தில்தான் குறைகிறது. காற்று 25 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் 13 சதவீதம்தான் குறையும். 14.7க்கு 1 என்றிருந்த கலவை 12.7க்கு 1 ஆகிவிடுகிறது. காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிவிட்ட இதைத்தான் மெக்கானிக்குகள் ‘ரிச்சா ஓடுது’ என்பார்கள். ஐட்லிங்கில் வண்டி தடுமாறும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் அடைத்துக்கொண்டு பிறகு கிளம்பும், சைலன்சரில் பெட்ரோல் வாடை வரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளிர் காப்பி நிறத்தில் இருக்க வேண்டிய முனை, அடுப்புக்கரி பூசியதுபோல மங்கிய கறுப்பாக இருக்கும். விரலால் தொட்டால் கரி ஒட்டும். உறிஞ்சும் விசைக்கேற்பத் தொண்டையின் அகலத்தைத் தானே மாற்றும் வேக்குவம் வகை கார்புரேட்டர் இதை ஓரளவு சமாளிக்கும், முழுதாக அல்ல.

இரண்டு நாள் பயணத்துக்காக ஜெட்டை மாற்ற வேண்டாம். சிறிய ஜெட் போட்டுவிட்டு அதை மறந்து டர்பனுக்கு இறங்கினால் கலவை நேர்மாறாக மெலிந்து எஞ்சின் கொதிக்கும். அது ரிச்சாக ஓடுவதைவிட ஆபத்து. கிளம்பும் முன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், ஏனென்றால் தூசி அடைத்த ஃபில்டரும் உயரத்தைப் போலவே கலவையை ரிச் பக்கம்தான் தள்ளும். குளிரில் ஸ்டார்ட் செய்யக் கலவையை ரிச்சாக்கும் சோக்கை, மேலே காலையில் ஸ்டார்ட் ஆன உடனே ஆஃப் செய்துவிடுங்கள். ஒரு புது பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் கையில் இருக்கட்டும்.

பெட்ரோல் பங்கில் எழும் ஒரு சந்தேகமும் இதே காற்றில்தான் தீர்கிறது. டர்பனில் 95 ஆக்டேன் போட்டுப் பழகியவர்கள், ஜோகானஸ்பர்க் பக்கத்து நண்பர்கள் 93 போடுவதைப் பார்த்து மட்டமான பெட்ரோல் என்று நினைப்பார்கள். மட்டம் ஒன்றுமில்லை. பிளக் பொறி விட்ட பிறகு, அந்தத் தீ பரவி வந்து சேர்வதற்கு முன்பே மீதிக் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகப் பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். ஆக்டேன் எண் அதைத் தாங்கும் திறனுக்கான அளவு. ஜோகானஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே சிலிண்டருக்குள் வரும் காற்றே மெலிந்தது என்பதால் அமுக்கி முடிக்கும்போதும் அழுத்தம் குறைவு, 93 போதும். அதே 93 டேங்கில் இருக்க, கலவையை அதிகம் அமுக்கும் எஞ்சினோடு கடலோரத்துக்கு இறங்கி முழு ஆக்சிலேட்டரில் ஏற்றம் ஏறினால் கோலிக்குண்டை டப்பாவில் குலுக்குவது போல சத்தம் கேட்கலாம். கேட்டால் கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள். கையேட்டில் 95 என்று இருந்தால் எங்கே போனாலும் 95தான்.

இனி கணவாய். இரு நாட்டு எல்லைச் சாவடிகளுக்கு இடையே ஏறத்தாழ 9 கிலோமீட்டர். கூழாங்கல், பாறை, கொண்டை ஊசி வளைவுகள். மேலே லெசோத்தோ, ஆகவே பாஸ்போர்ட்டும் வண்டிக் காகிதமும் வேண்டும். கார் என்றால் நான்கு சக்கர இழுவை இல்லாமல் விடமாட்டார்கள்.

சிறிய வண்டி ஏறுமா என்று பலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுவிடலாம். வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து 290 கிலோ என்று வையுங்கள். 5 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏற, தூக்குவதற்கு மட்டும் சுமார் 4.3 குதிரைத்திறன் வேண்டும். கற்களில் உருள்வதற்கும் சேர்த்தால் 5 முதல் 6. மேலே 9 கொடுக்கும் வண்டிக்கு இது எட்டாத வேலை இல்லை. ஆனால் அந்த 9 கிடைப்பது எஞ்சின் நன்றாகச் சுழலும்போதுதான். வளைவில் பயந்து ஆக்சிலேட்டரை விட்டு, இரண்டாம் கியரில் முக்க விடுகிறவர்கள்தான் நின்றுபோகிறார்கள். முதல் கியரில், சீரான சுழற்சியில் ஏறுங்கள். கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி ஒவ்வொரு வளைவையும் இழுத்தால் தட்டுகள் உரசிச் சூடாகி வழுக்கத் தொடங்கும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது, கருகல் வாடை வரும். அப்போது நிறுத்தி 20 நிமிடம் ஆறவிட வேண்டும். செயினைச் சுழற்றும் முன் பற்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) 15 பல் இருக்கிற வண்டிக்கு 14 பல் போட்டால் இழுவை 7 சதவீதம் கூடும். மலைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு அந்தச் செலவு தகும். பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம்.

ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் கை தானாக முன் பிரேக்குக்குப் போகும். அங்கேதான் விழுகிறார்கள். செங்குத்தான சரிவில் எடை பின்சக்கரத்துக்கு மாறிவிடுகிறது, முன்சக்கரம் லேசாகிறது. பூட்டிய முன்சக்கரம் கூழாங்கல்லில் சறுக்கிப் பின்னோக்கி வழியும். கிளட்ச்சை விட்டுவிடுங்கள். நின்ற எஞ்சின், கியரில் இருக்கும்வரை, பின்சக்கரத்துக்கு நல்ல பிரேக். பிறகு கிளட்ச்சை இம்மி இம்மியாகப் பிடித்து விட்டு, வண்டியைக் குறுக்காகப் பின்னுக்கு இறக்கித் திருப்பலாம்.

மண்பாதைக்கு டயரில் காற்றைக் குறைப்பது வழக்கம். டயர் தரையில் படும் இடம் அகலமானால் பிடிப்பு கூடும். இங்கேயும் சிப்ஸ் பாக்கெட் வருகிறது. அழுத்தமானி காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். டர்பனில் 25 டிகிரியில் 2.25 பார் அடித்த டயர், வெப்பம் மாறாமல் உச்சிக்குப் போனால் 2.55 காட்டும். ஆனால் உச்சியில் குளிர். 8 டிகிரியில் காற்று சுருங்கி அது 2.36 ஆகிவிடும். இரவில் உறைபனி விழுந்து மைனஸ் 3 என்றால் 2.24, கிட்டத்தட்ட கிளம்பிய இடம். உயரம் கூட்டியதைக் குளிர் கழித்துவிடுகிறது. சிக்கல் இறங்கும்போது. மேலே 8 டிகிரியில் 1.6க்குக் குறைத்த டயர், டர்பன் வெயிலில் 1.44தான் காட்டும். அந்த டயரோடு என்3இல் மணிக்கு 120 போனால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், வளைவில் வண்டி நெளியும். ஆகவே குழுவுக்கு ஒரு சிறு பம்பும் ஓர் அழுத்தமானியும் கட்டாயம்.

வானிலையும் காற்றின் வேலைதான். 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். டர்பனில் 25 என்றால் உச்சியில் 6 அல்லது 7. ஓடும் வண்டியில் இன்னும் மோசம்: 10 டிகிரியில் மணிக்கு 100 கிலோமீட்டர் போனால் தோலுக்கு 4 டிகிரி போலப் படும். விரல் மரத்தால் பிரேக் பிடிக்கும் நுணுக்கம் போய்விடும், கையுறையில் கஞ்சத்தனம் கூடாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஹில்டனுக்கு ஏறும் டவுன் ஹில்லில், கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேலே தள்ளப்பட்டுக் குளிர்ந்து மூடுபனியாகும். குளிர்காலத்தில் சில நாள் இதற்கு நேர்மாறாக மேட்டு நிலக் காற்று கடலை நோக்கி இறங்கும். இறங்கும் காற்று அமுங்கி, 1,000 மீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறும். சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுவதும் இதனால்தான். ஜூலை மாதத்தில் டர்பன் திடீரென்று வேகும் அந்த நாட்களின் ‘பெர்க்’ காற்று இதுதான். கோடையில் மலையில் பிற்பகல் இடிமழை வழக்கம், நண்பகலுக்குள் கணவாயை விட்டு இறங்கிவிட வேண்டும். தென் அரைக்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது என்பதால் தெற்கு நோக்கிய சரிவுகளில் குளிர்காலத்தில் வெயில் விழாது. கணவாயில் ஒரு வளைவுக்கு ‘ஐஸ் கார்னர்’ என்றே பெயர். அங்கே வழியும் நீர் உறைந்து கண்ணாடி போலக் கிடக்கும்.

உச்சியில் தண்ணீர் 90 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். தேநீரில் சாயம் குறைவாக இறங்கும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ஓட்டுகிறவருக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் 30 சதவீதம் குறைவு. 2,500 மீட்டருக்கு மேலே சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். தலைவலி கூடினால் கீழே இறங்குவதுதான் மருந்து.

இறக்கத்தில்தான் பெரிய ஆபத்து. அதே 290 கிலோ, உச்சியிலிருந்து அண்டர்பெர்க் வரை 1,300 மீட்டர் இறங்கும்போது 37 லட்சம் ஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். 11 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அது முழுவதையும் 1 கிலோ எஃகு டிஸ்க்கில் அடைத்தால், இரும்பு உருகும் சூட்டைப்போல ஐந்து மடங்கு வரும். காற்று அதை அவ்வப்போது எடுத்துப் போவதால்தான் தப்பிக்கிறோம். ஆனால் கணவாயில் வேகம் குறைவு, மேலே காற்றும் மெலிது, இரண்டுமே டிஸ்க்கை ஆற விடாது.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும், இரண்டையும் பிரித்தறிய வேண்டும். லீவர் கல் மாதிரி உறுதியாக இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் சூடாகி உராய்வை இழந்துவிட்டது. லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில்பார் வரை வந்தால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் நீர் கலந்தால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். உங்கள் விரலின் பலமெல்லாம் குமிழியைச் சுருக்குவதில் தீர்ந்துபோகும். ஈரமான டர்பன் கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது இதற்காகத்தான். ஆயில் டப்பாவின் சிறு கண்ணாடியில் தேன் நிறம் தாண்டிக் காப்பி நிறம் தெரிந்தால் மலைக்குப் போகாதீர்கள்.

இறங்கும்போதும் முதல் கியர், கிளட்ச்சில் கை வேண்டாம். ஆக்சிலேட்டரை மூடிய எஞ்சினைப் பின்சக்கரம் வலுக்கட்டாயமாகச் சுழற்றுகிறது, அந்தச் சூடு எஞ்சின் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் போய்விடும், டிஸ்க்குக்கு வராது. பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், வளைவுக்கு முன் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள். பாதியில் ஒருமுறை ஓரமாக நின்று லீவரை அமுக்கிப் பாருங்கள். பஞ்சாக இருந்தால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் நெளிந்துவிடும். ஆறியபின் லீவர் இறுகினால் மெதுவாக இறங்கலாம். இறுகவில்லை என்றால் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதுதான் வழி.

அண்டர்பெர்க் வந்ததும் தார்ச் சாலைக்கு ஏற்றபடி டயரில் காற்று அடித்து, மூடியை இறுக்கிவிட்டு, என்3 பிடிக்கலாம். மேலே குடித்துக் காலி செய்து இறுக மூடிய தண்ணீர் பாட்டில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டும்போது பைக்குள் நசுங்கிக் கிடக்கும். அதற்குள் இருப்பது சானி காற்று.