ராட்செட் பெல்ட் செய்ய நினைக்கிறீர்களா? முதலில் பக்கிளையும் டிராக்கையும் ஜோடியாக வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் தோல் வேலை செய்கிறேன். பக்கிள் ஒன்று, பிளாஸ்டிக் டிராக் ஒன்று, தோல் வார் ஒன்று என்று தனித்தனியாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். "மூன்றையும் சேர்த்துத் தைத்துக் கொடுங்கள் அண்ணா" என்கிறார்கள். பெரும்பாலும் அந்த மூன்றும் ஒன்றோடொன்று சேராது. தையல் கூலியைச் சொல்வதற்கு முன், "இவற்றைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?" என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆசையாகச் செலவழித்தவர்களிடம் அப்படிக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ராட்செட் பெல்ட்டில் ஓட்டை கிடையாது. வாரின் நுனிப்பக்கத்தில், உள்புறமாக, சாய்வான பற்கள் கொண்ட டிராக் தைக்கப்பட்டிருக்கும். பக்கிளுக்குள் ஸ்பிரிங்கோடு இருக்கும் சிறிய நாக்கு அந்தப் பற்களில் விழுந்து பிடித்துக்கொள்ளும். இழுத்தால் இறுகும், விசையை அழுத்தினால் விடும். சாதாரண பெல்ட்டில் ஓட்டைக்கு ஓட்டை ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் இடைவெளி. இதில் பல்லுக்குப் பல் சுமார் 6 மில்லிமீட்டர்தான். சாப்பிட்டபின் வயிறு உப்புகிறவர்களுக்கும், விரல் மூட்டு வலியால் ஊசி வைத்த பக்கிளோடு போராடுகிறவர்களுக்கும் இது பெரிய உதவி. சொந்தமாகச் செய்ய வருகிறவர்களை அதனால்தான் நான் தடுப்பதில்லை.

ஆனால் பக்கிளையும் டிராக்கையும் ஒரே இடத்தில், ஒரே ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். பல்லின் இடைவெளி, உயரம், சாய்வு எல்லாமே தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டையும் வேறு வேறு இடத்தில் வாங்கி வந்திருந்தார். வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், நாக்கு பல்லின் அடிவரை இறங்காமல் முனையிலேயே நின்றிருந்தது. நேராக இழுத்தபோது பிடித்தது. லேசாக முறுக்கி இழுத்தேன், நான்கைந்து பல் சரசரவென்று வழுக்கிவிட்டது. "வீட்டில் இழுத்துப் பார்த்தேனே தம்பி, நன்றாகத்தானே பிடித்தது?" என்றார். "உட்கார்ந்து எழும்போது வார் முறுக்கும் ஐயா. அப்போதுதான் அதன் குணம் தெரியும்" என்றேன். நீங்களும் தைப்பதற்கு முன் முறுக்கி இழுத்துப் பாருங்கள்.

அகலத்தை விளம்பரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். முழுக்கால் சட்டைக்கு 35 மில்லிமீட்டர், ஜீன்ஸுக்கு 40 மில்லிமீட்டர் என்பது பொதுவான வழக்கம். ஆனால் அந்த எண் பக்கிளின் வெளி அகலத்தைக் குறிக்கிறதா, வார் நுழையும் வாயைக் குறிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கிளின் பின்புறத்தில் வாரைக் கவ்வும் கிளாம்ப்பின் இடைவெளியையும் தடிமன் அளக்கும் காலிபரால் அளந்துகொள்ளுங்கள். தோல் அதைவிடத் தடிமனாக இருந்தால் முனையைச் சீவிவிடலாம். மெலிந்திருந்தால் திருகை எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் கழன்று வரும்.

இனித் தோல். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். டிராக் நீளாது, தோல் நீளும். வயிற்றுப் பகுதித் தோலில் வெட்டிய வார் சில மாதங்களில் இழுபட்டு, டிராக் தைத்த இடத்தில் மட்டும் அலை அலையாகச் சுருங்கி நிற்கும். மாட்டின் முதுகுப் பகுதியில், முதுகெலும்பின் போக்கிலேயே வெட்டிய வாராகக் கேளுங்கள். தாவரப் பட்டையால் பதனிட்ட 3 முதல் 3.5 மில்லிமீட்டர் தோல் போதும். அவுன்ஸில் விலை சொன்னால், ஓர் அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் தடிமன் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அப்படிப் பட்டையால் பதனிட நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே வாட்டில் மரங்கள் வளர்கின்றன. நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்லும் அதே மரம்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரத்தின் பட்டைச்சாறு இங்கிருந்து பல நாடுகளின் பதனிடும் தொழிலுக்கு ஏற்றுமதியாகிறது. இப்படி ஒரு மாகாணத்தில் இருந்துகொண்டு, தோல்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பட்டையை 'அசல் தோல்' என்ற முத்திரைக்காக வாங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வெட்டுவிளிம்பைப் பாருங்கள். நல்ல தோலில் நார்கள் அடியிலிருந்து மேல்வரை நெருங்கிக்கொண்டே போகும், நடுவில் கோடு விழாது. ஒட்டுத்தோலில் அடுக்கு தெரியும், சில சமயம் துணியும் தெரியும்.

செருப்புத் தைக்கும் சாமான் விற்கும் கிரைண்டரி கடைகளில் வாரை நீங்களே தொட்டு, வளைத்துப் பார்த்து வாங்கலாம். ஷூ தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். அது ஷூவின் மேற்புறத்துக்கான தோல், மெல்லியது, குட்டையானது. நெருப்புக்கோழித் தோல் அழகுதான். ஆனால் அதற்கு அடியில் மாட்டுத்தோல் கொடுத்து ஒட்டித் தைக்காவிட்டால் டிராக்கைத் தாங்காது. முதலைத்தோலில் செய்து ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்ப நினைத்தால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட வைக்காதீர்கள்.

தொப்புளுக்குக் கீழே பக்கிள் படும் இடத்தில் அரிப்பும் தடிப்பும் வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. நிக்கல் ஒவ்வாமை அதற்கு ஒரு முக்கியக் காரணம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மலிவான பக்கிள்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே முலாம் பூசியவை. கிளாம்ப்பின் உட்புறத்தில் லேசாகக் கீறினால் பித்தளை மஞ்சளாகவும் துத்தநாகக் கலவை சாம்பல் நிறமாகவும் தெரியும். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அதை வைத்து ஏமாறாதீர்கள். பித்தளையே ஆனாலும் மேலே நிக்கல் முலாம் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் கடற்காற்றில் மலிவான முலாம் சீக்கிரம் பொரிந்துவிடும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் திருகும் துருப்பிடித்தால் விசையை அழுத்தினாலும் நாக்கு எழும்பாது.

கடைசியாக நீளம். டிராக் நுனியில் இருப்பதால் இந்த வாரை நுனிப்பக்கம் வெட்டக் கூடாது, பக்கிள் பக்கம்தான் வெட்ட வேண்டும். நீங்கள் இப்போது கட்டும் பெல்ட்டில் பக்கிளின் முனையிலிருந்து வழக்கமாக மாட்டும் ஓட்டைவரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவு டிராக்கின் நடுப்பகுதியில் விழும்படி குறியிட்டு, குறிக்கு மேல் இரண்டு விரல் கூடுதலாக விட்டு முதல் வெட்டு வெட்டுங்கள். கிளாம்ப்பில் மாட்டி, கட்டி, உட்கார்ந்து பார்த்தபின் மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம்.