சபாநாயகருக்கு மனு போடும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

இந்த மாதமும் ஒருவர் வந்துவிட்டார். புவனகிரிப் பக்கத்துக்காரர். கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு மனு. முகப்பில் 'மாண்புமிகு மக்களவை சபாநாயகர் அவர்கள், புது டெல்லி'. உள்ளே பட்டா தகராறு. வில்லங்கச் சான்று, பிராது நகல், பழைய கிரயப் பத்திரம் எல்லாம் இணைப்பு. இதை எழுதிக் கொடுக்க யாரோ மூவாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். "சபாநாயகர் ஒரு வார்த்தை சொன்னா கலெக்டர் கேட்டுத்தானே சார் ஆகணும்?" என்றார்.

கேட்கவேண்டிய அவசியமே இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் தொழில் பார்க்கும் எனக்கு இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், ஆர்.டி.ஓ., கலெக்டர் என்று ஏணி ஏறிப் பழகியவர்கள் நாம். கீழே நடக்காவிட்டால் மேலே போவோம். அதே ஏணியைக் கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி., சபாநாயகர் என்று டெல்லிவரை நீட்டிவிடுகிறோம். அங்கே ஏணியே கிடையாது. எம்.எல்.ஏ.வுக்கு எம்.பி. மேலதிகாரி இல்லை. எம்.பி.க்குச் சபாநாயகரும் மேலதிகாரி இல்லை. அவரும் ஓர் எம்.பி.தான், மற்ற எம்.பி.க்கள் தேர்ந்தெடுத்து அந்த நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள். யார் பேசுவது, எந்தத் தீர்மானத்தை அனுமதிப்பது, ஒரு மசோதா பண மசோதாவா, கட்சி தாவியவரின் பதவி நிற்குமா என்பதெல்லாம் அவர் கையில். சபைக்குள் பிரதமரையே உட்காரச் சொல்லலாம். வெளியே ஒரு தாசில்தாரின் பட்டா உத்தரவை மாற்றச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

சரி, அந்தச் சபை ஐந்து வருஷம் எப்படித்தான் ஓடுகிறது? முதல் கூட்டம் நடக்கும் நாளிலிருந்து கணக்கு. 18-வது மக்களவை 2024 ஜூன் 24-ல் கூடியது. உறுப்பினர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கத் தற்காலிக சபாநாயகராக பர்த்ருஹரி மஹ்தாப் இருந்தார். ஜூன் 26-ல் காங்கிரஸின் கொடிக்குன்னில் சுரேஷை எதிர்த்து நின்று, குரல் வாக்கெடுப்பில் ஓம் பிர்லா சபாநாயகரானார். துணை சபாநாயகர் பதவி அரசியல் சட்டத்தின் 93-வது பிரிவிலேயே இருக்கிறது. ஆனாலும் 17-வது மக்களவை அப்படி ஒருவர் இல்லாமலேயே தன் காலத்தை முடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய சபையில் நம்மூர் தம்பிதுரை இருந்தார். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியும் 2014 முதல் பத்து வருஷம் காலியாகவே கிடந்து, 2024-ல்தான் ராகுல் காந்திக்கு வந்தது.

கூட்டத்தொடர் எப்போது என்பதை அரசு முடிவு செய்யும். எந்த அலுவலுக்கு எத்தனை மணி நேரம் என்பதைச் சபாநாயகர் தலைமையிலான அலுவல் ஆய்வுக் குழு பார்த்துக்கொள்ளும். டிவியில் நாம் பார்ப்பது கூச்சல். பொறுமையான வேலை நடப்பது 24 துறைசார் நிலைக்குழுக்களில். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கொறடா உத்தரவு வந்துவிட்டால் உங்கள் எம்.பி. கட்சி சொன்ன பக்கம்தான் ஓட்டுப் போடுவார். மீறினால் பதவியே போகலாம். கட்சியை எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்லி அவர் வீட்டு வாசலில் நின்று பலனில்லை.

மக்களவையில் மனுக்கள் குழு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 15 உறுப்பினர்கள். கோர்ட்டுக்குரிய விஷயம், மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்பவேண்டியது, சட்டப்படி வேறு பரிகாரம் உள்ளது எதுவும் அங்கே எடுபடாது. மனுவைச் சபாநாயகர் பெயருக்கு எழுதக்கூடாது, மக்களவைக்கு எழுதவேண்டும். தமிழில் எழுதலாம், ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே போகவேண்டும். கடிதமோ பிரமாணப் பத்திரமோ வேறெந்த ஆவணமோ இணைக்கக்கூடாது. அந்த ஸ்பைரல் கட்டு இதில் எதற்குமே ஒத்துவரவில்லை. பட்டா சம்பந்தமானதைத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் வாய்தா தவறாமல் கோர்ட்டுக்கு வாருங்கள்.

அப்புறம், எம்.பி.யிடம் எதற்குப் போகலாம்? ரயில், தேசிய நெடுஞ்சாலை, என்.எல்.சி. (நெய்வேலி நிலக்கரி நிறுவனம்) போன்ற மத்திய அரசு விவகாரங்களுக்குப் போங்கள். அவர் கேள்வி கேட்கவே குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்கவேண்டும். கூட்டத்தொடர் முடியும் வாரத்தில் போய் அவசரப்படுத்தாதீர்கள். ஆண்டுக்கு 5 கோடி தொகுதி நிதியில் வேலைகளை அவர் பரிந்துரைக்கிறார், செய்வது மாவட்ட நிர்வாகம். எது உங்கள் தொகுதி என்றும் பாருங்கள்: புவனகிரி கடலூர் மாவட்டம்தான், ஆனால் மக்களவைக்குச் சிதம்பரம் தொகுதி. பக்கத்துப் புதுச்சேரியில் இந்தக் குழப்பம் இல்லை. காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மக்களவையில் ஒரே எம்.பி.

கடைசியாக, 'எம்.பி. கோட்டாவில் கேந்திரிய வித்யாலயா சீட்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் கோட்டா 2022-லேயே ரத்தாகிவிட்டது. லெட்டர்பேடு காட்டினாலும், டெல்லி நம்பரிலிருந்து பேசினாலும் அதே கதைதான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல், ஜிபே விவரத்தையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு உடனே போலீஸில் புகார் கொடுங்கள்.